எண்ணாமல் ஒரு பாட்டு

கீழ்பென்னாத்தூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மல்லாட்டைக் கொல்லையில் கருகிப்போன பம்புசெட் மோட்டார்கள்தான் அதிகம் வரும். ஒவ்வொரு காயிலுக்கும் செம்புக் கம்பியை எண்ணித்தான் சுற்ற வேண்டும். சுற்று குறைந்தால் மோட்டார் சூடேறி மறுபடியும் கருகும். நாள் முழுக்க எண்ணிக்கைதான் பிழைப்பு. காலையில் ஷட்டரைத் தூக்கும் முன் திருவாசகத்தில் ஒரு பாட்டு படிப்பேன். அங்கே மட்டும் எண்ணுவதில்லை.

இப்போது ஊருக்கு ஊர் திருவாசகம் முழுவதையும் ஒரே நாளில் ஓதும் முற்றோதல் நடக்கிறது. 51 பகுதிகள், 658 பாடல்கள். விடிந்ததும் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் முடிக்கிறார்கள். நல்ல காரியம்தான். சாப்பாடும் நன்றாக இருக்கும். நானும் போய் உட்காருகிறவன்தான். ஆனால் மத்தியானத்துக்கு மேல் ஓதுவது ஓட்டமாகிவிடுகிறது. வெளியே வந்தால், "உங்களுக்கு இது எத்தனையாவது முற்றோதல்?" என்கிறார்கள்.

இதற்குத் திருவாசகம் பாடிய மாணிக்கவாசகரே பதில் வைத்திருக்கிறார். அதிலுள்ள திருவெம்பாவையை அவர் பாடியது நம் திருவண்ணாமலையில் என்பது மரபு. நாலாம் பாட்டில், படுக்கையை விட்டு எழாத ஒருத்தி உள்ளிருந்தபடியே கேட்கிறாள்: எல்லாரும் வந்தாச்சா? வாசலில் நிற்கும் தோழிகள் முதலில், எண்ணிச் சொல்கிறோம் என்கிறார்கள். அப்புறம் பேச்சு மாறுகிறது. சிவனைப் பாடி உருகி நிற்கிற எங்களால் அது ஆகாது, நீயே வந்து எண்ணிக்கொள், ஆள் குறைந்தால் போய்த் தூங்கு என்று கேலி செய்கிறார்கள். உருகுகிறவளுக்கு எண்ண வரவில்லை. கணக்குக் கேட்பவள் தூங்குமூஞ்சி! அந்தக் கேலி பிடிபட்ட அன்று தனியாகச் சிரித்தேன். கடைப் பையன் ஒரு மாதிரி பார்த்தான்.

எண்ணிக்கைக்காக ஓடினால் பொருள் நழுவிவிடும். தாய்லாந்தில் பாங்காக் பிராமணர்கள் திரியம்பாவாய் விழாவில் இன்றும் திருவெம்பாவை ஓதுகிறார்கள். தமிழ் மறந்து பல தலைமுறை ஆகிவிட்டது. ஓசை மட்டும் மிஞ்சியிருக்கிறது. மொழி கையில் இருந்தும் நாம் வேகமாக ஓதித் தள்ளினால், அவர்களைவிட நாம் எந்த விதத்தில் மேல்? திருவாசகத்துச் சிவபுராணத்தின் முடிவிலும் பொருள் உணர்ந்து சொல்பவர்களுக்குத்தான் இடம் சொல்லப்பட்டிருக்கிறது.

பொருள் உணர்ந்து படிக்க நேரமில்லை என்பது சாக்கு. திருவெம்பாவையில் ஒரு பாட்டு எட்டே வரி. நாளுக்கொரு பாட்டு என்ற வழக்கமும் நமக்குப் புதிதல்ல. திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10 என்று மார்கழி முழுக்கப் படிக்கிறோம். தை பிறந்ததும் மூடி வைத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

முற்றோதல் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தை முதல் தேதி திருவாசகத்தின் திருவம்மானையை எடுங்கள். நாளுக்கொரு பாட்டு, பொருள் சொல்லத் தெரிந்த ஒருவர், கால் மணி நேரம் போதும். அதிலும் 20 பாட்டு இருக்கிறது. அதுவும் திருவண்ணாமலையில் பாடியதுதான்.