லம்பார்டு தெரு: ஒரு கொள்கைப் பிரகடனம்

பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள் மீது 1834 முதல் 1842 வரை அடுத்தடுத்து ஏவப்பட்ட கும்பல் வன்முறையை, அதற்குத் துணைநின்ற அதிகாரத்தையும் சேர்த்து ஊரறியச் சொல்வதற்காக இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

பிலடெல்பியா அமைந்திருக்கும் பென்சில்வேனியா, அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க 1780-லேயே சட்டம் இயற்றிய அமெரிக்க மாநிலம். விடுதலை பெற்ற மக்கள் அங்கே கையேந்தி நிற்கவில்லை. கறுப்பினப் போதகர் ரிச்சர்ட் ஆலன் 1794-ல் நிறுவிய பெத்தேல் தேவாலயத்தைச் சுற்றிப் பள்ளிகளையும் உதவிச் சங்கங்களையும் கட்டினார்கள். பாய்மரப் பட்டறை நடத்திய ஜேம்ஸ் ஃபோர்ட்டன் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒரே கூரையின் கீழ் வேலை கொடுத்தார். இந்த வளர்ச்சிதான் கும்பலின் கண்ணை உறுத்தியது.

நடந்தது இதுதான்.

1834 ஆகஸ்டு: குடைராட்டினக் கூடத்தில் மூண்ட தகராறு, கறுப்பர் குடியிருப்புகளைச் சூறையாடுவதில் முடிந்தது. தாங்கள் வெள்ளையர் என்று காட்ட அக்கம்பக்கத்தார் ஜன்னலில் விளக்கேற்றினார்கள். இருண்டிருந்த வீடுகளைக் கும்பல் உடைத்தது.

1838 மே: அடிமை ஒழிப்பாளர்கள் எழுப்பிய பென்சில்வேனியா மண்டபம் 14-ம் தேதி திறக்கப்பட்டது. இரு இனத்தாரும், ஆணும் பெண்ணும் அங்கே ஒன்றாக அமர்ந்தார்கள். 17-ம் தேதி மேயர் ஜான் ஸ்விஃப்ட் சாவியை வாங்கிக் கதவைப் பூட்டிவிட்டுப் போனார். அன்றிரவே மண்டபம் எரிந்தது. தீயணைப்புப் படையினர் பக்கத்துக் கட்டடங்களை நனைத்துவிட்டு மண்டபத்தை எரியவிட்டார்கள். மறுநாள் கறுப்பினக் குழந்தைகளுக்கான அனாதை இல்லத்துக்கும் தீ வைக்கப்பட்டது. அதே ஆண்டு, புதிய மாநில அரசமைப்பு கறுப்பரின் வாக்குரிமையைப் பறித்தது.

1842 ஆகஸ்டு 1: பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற்றதை நினைவுகூர்ந்து, கறுப்பின மதுவிலக்குச் சங்கத்தார் ஊர்வலம் போனார்கள். கும்பல் அவர்களைத் தாக்கியது. லம்பார்டு தெருவில் கறுப்பின வணிகர் ஸ்டீபன் ஸ்மித் கட்டிய மண்டபமும், ஒரு கறுப்பினத் தேவாலயமும் சாம்பலாயின. அடிமைகள் தப்பிச்செல்ல உதவிய ராபர்ட் பர்விஸ், துப்பாக்கியோடு தன் வீட்டைக் காத்து உட்கார்ந்திருந்தார். பின்னர் குடும்பத்தோடு நகரை விட்டே வெளியேறினார். விசாரித்த பெரும் நடுவர் குழுவோ, ஊர்வலம் போனவர்கள் மீதே பழியைப் போட்டது.

தாக்கியவர்களில் பலர் ஏழை ஐரிஷ் தொழிலாளர்கள். துறைமுகத்திலும் நிலக்கரிக் கிடங்கிலும் கறுப்பர் தங்கள் வேலையைப் பறிப்பதாக அவர்கள் நம்பினார்கள். ஏழையின் கோபத்தை இன்னொரு ஏழை மீது திருப்பிவிட்டு, தெற்கின் பருத்தியில் லாபம் பார்த்த வணிகர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

குடிகாரர் என்று இகழப்பட்டவர்கள் மதுவிலக்கு ஊர்வலம் போனபோது அடிபட்டார்கள். உழைத்துக் கட்டியதும் எரிந்தது. ஆகவே, ஒடுக்கப்பட்டவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டால் வெறுப்பு தானே அடங்கும் என்ற போதனையை நாங்கள் நிராகரிக்கிறோம்.

எங்கள் கொள்கைகள்:

1. கும்பல் வன்முறையை 'இரு தரப்பு மோதல்' என்று எழுதுவதை ஏற்கமாட்டோம். தாக்கியவர் யார், தாக்கப்பட்டவர் யார் என்பது பாடநூலில் தெளிவாக இருக்க வேண்டும்.

2. காக்கும் கடமை இருந்தும் கைகட்டி நின்ற மேயர், காவலர், நீதிமன்றம் அனைவரும் குற்றத்தில் பங்காளிகள்.

3. கும்பல் எரித்ததையும் சட்டம் பறித்ததையும் ஒரே வரலாறாகப் படிக்க வேண்டும். 1838-ல் தீயும் வாக்குரிமைப் பறிப்பும் ஒரே ஆண்டில் வந்தன.

4. சேதத்துக்கு ஈடு கேட்பது உரிமை. அது இரக்கத்தால் கிடைக்கும் பிச்சை அல்ல.

5. எதிர்த்து நின்றவர்களின் பெயர்கள் தாக்கப்பட்டவர்களின் துயரத்தோடு சேர்த்தே நினைவுகூரப்பட வேண்டும்.

6. ஏழைக்கு எதிராக ஏழையை நிறுத்தும் அரசியலை, அது எந்த இனத்தின் பெயரால் வந்தாலும், எதிர்ப்போம்.

பிலடெல்பியாக் கறுப்பின மக்கள் பறிகொடுத்த வாக்குரிமையைத் திரும்பப் பெற 1870 வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தார்கள். அவர்கள் காத்திருந்த காலத்துக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. அந்தக் கணக்கைக் கேட்கத் துணிந்த ஆசிரியர்களே, மாணவர்களே, தொழிலாளர்களே, எங்களோடு சேருங்கள். உங்கள் ஊரில் ஒரு கும்பல் கூடும்போது, சாவியை மேயரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.