காட்டைக் காணலாம்; மனிதரைக் காட்சியாக்கலாமா?

சுற்றுலா சென்று திரும்புவோர் எழுதும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும். "மான்களையும் யானைகளையும் மயில்களையும் ஆதிவாசிகளையும் கண்டு களித்தோம்" என்பதே அது. எழுதியவர் மனத்தில் தீய எண்ணம் ஏதும் இராது. ஆயினும், இலக்கண வகுப்பில் எண்ணும்மை படித்த நாம் அந்த வாக்கியத்தின் முன் சற்று நிற்க வேண்டும். அஃறிணைப் பெயர்கள் மூன்றை அடுக்கி, நான்காவதாக உயர்திணைப் பெயர் ஒன்றையும் அதே வரிசையில் நிறுத்தி, எல்லாவற்றுக்கும் பொதுவாகக் "கண்டு களித்தோம்" என்று முடித்து விடுகிறோம். காட்டில் வாழும் மக்கள் நாம் கண்டு களிப்பதற்காகவா இருக்கிறார்கள்? இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

சென்ற காலாண்டு விடுமுறையில் உறவினர் சிலருடன் ஒரு வேன் பேசிக்கொண்டு நாங்கள் முதுமலைக்குச் சென்றோம். 1940ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற இது தென்னிந்தியாவின் முதல் வனவிலங்குச் சரணாலயம். 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில் எங்களை அழைத்துச் சென்றார்கள். சாலையோரத்திலேயே புள்ளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைக் காலுறை அணிந்தாற்போலக் கால்களை உடைய காட்டெருது ஒன்று, எங்களை ஒரு பொருட்டாகவே மதியாமல் கடந்து சென்றது. புலி கண்ணில் படவில்லை. என் தம்பிக்கு அது இன்றளவும் பெருங்குறை. மாலையில் யானைகள் முகாமில், கேழ்வரகுக் களியையும் கொள்ளையும் வெல்லத்தையும் பெரிய உருண்டைகளாக்கிப் பாகர்கள் யானைகளின் வாயில் ஊட்டிய காட்சி மறக்க முடியாதது.

இங்கே பாகர்களாகவும் உதவியாளர்களாகவும் இருப்போரில் பலர் பழங்குடி மக்கள். தாயைப் பிரிந்த ரகு என்ற யானைக்குட்டியைப் பெற்ற பிள்ளைபோல் வளர்த்த பொம்மனையும் பெள்ளியையும் நாம் எல்லோரும் அறிவோம். காட்டுநாயக்கர் இனத்தைச் சேர்ந்த அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கார் விருது பெற்றது. அதன் பிறகு முதுமலையைக் காண வருவோர் ஆர்வம் இன்னும் பெருகியிருக்கிறது. அந்த ஆர்வம் எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி.

மறுநாள் ஒரு ஜீப் ஓட்டுநர், கூடுதலாகக் கொஞ்சம் பணம் கொடுத்தால் ஆதிவாசி கிராமமும் காட்டுவதாகக் கூறினார். பெரியவர்கள் இசைந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன்னரே வேறொரு கூட்டம் வந்திருந்தது. வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். அருகில் பள்ளிச் சீருடையில் ஏறக்குறைய என் வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். "நீ கொஞ்சம் தள்ளிக்கொள் பாப்பா, சீருடை போட்டிருந்தால் ஆதிவாசி மாதிரி இல்லை" என்றார் ஒருவர். அவள் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தச் சிறுமியின் முகம் எனக்குப் புதிதன்று. தேவிகாபுரத்தில் தறி உள்ள வீட்டுப் பெண்களுக்கு அந்த முகம் தெரியும். பெரியநாயகி அம்மன் கோயிலுக்கு வருவோரும் பட்டு வாங்க வருவோரும் சில சமயம் எங்கள் தெருவிலும் நுழைவதுண்டு. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் அப்பாவை "இன்னொரு தடவை நாடாவை ஓட்டுங்கள்" என்பார்கள். பின்னால் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் நகர்த்தச் சொல்வார்கள். அவை இருந்தால் நெசவாளர் வீடு மாதிரி இல்லையாம்! விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டி வேலை செய்யும்போது குறுக்கே நின்று படம் எடுப்பாரும் உண்டு. ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகும், கூலி எவ்வளவு, கண் வலிக்காதா என்று உட்கார்ந்து கேட்பவர் நூற்றில் ஒருவர். அவர் கேட்டால் அப்பா தறியை நிறுத்திவிட்டே பதில் சொல்வார்.

இதைப் பற்றித் திரும்பும் வழியில் அப்பாவிடமே வாதிட்டேன். "அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கிறதே, அம்மா, அதில் என்ன தவறு?" என்றார். இது எளிதில் ஒதுக்கக்கூடிய கேள்வி அன்று. பட்டு வாங்க ஆள் வராவிட்டால் எங்கள் ஊர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் கொடுத்த கூடுதல் பணம் ஜீப் ஓட்டுநர் கைக்குச் சென்றதைத்தான் கண்டேன். அந்தப் பாட்டி கைக்கு ஒன்றும் சென்றதாகத் தெரியவில்லை. அவர்களாக அழைத்து, அவர்களாக விலை சொல்லி, வேண்டாதபோது வேண்டாம் என்று சொல்ல முடிந்தால் அது தொழில். அப்படி இல்லாதபோது அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். காட்டுக்குள் நுழையுமுன், சத்தம் போடாதீர், கீழே இறங்காதீர், விலங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர் என்று எச்சரிக்கிறார்கள். நாமும் பயபக்தியோடு கேட்டுக்கொள்கிறோம். குடியிருப்பில் நுழைந்ததும் அத்தனையும் மறந்து போகிறது. சத்தம் போடுகிறோம், கேளாமல் இறங்குகிறோம், பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசுகிறோம். மானுக்குக் கொடுத்த மரியாதையை மனிதருக்குக் கொடுக்கவில்லை.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் சிங்கம் பார்க்கச் செல்வோரின் பயணத் திட்டத்தில் மாசாய் கிராமமும் ஒரு நிறுத்தம். உயரமான அம்மக்கள் சிவப்பு ஆடையுடன் குதித்து ஆடும் படத்தைப் பார்க்காதவர் யார்? ஆனால் செரங்கெட்டி 1951இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டதும், அங்கே மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள் 1959இல் அதைவிட்டு கோரங்கோரோ பகுதிக்கு அனுப்பப்பட்டதும் அந்தப் படத்தில் தெரியாது. முதுமலையின் உட்பகுதிக் குடியிருப்புகளிலிருந்தும் குடும்பங்கள் வெளியே குடியமர்த்தப்பட்டுள்ளன. காட்டில் வாழ்வோரின் உரிமைகளை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. யாருடைய காட்டுக்கு நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறோம் என்பதை ஒரு நிமிடமாவது எண்ண வேண்டாமா?

பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் திரும்புகிறோம் என்பதே என் பெரிய வருத்தம். 2021இல் மசினகுடி வட்டாரத்தில் டி-23 என்ற புலியை மூன்று வாரம் தேடி, கொல்லாமல் உயிரோடு பிடித்தார்களே, அந்தத் தேடலில் வழி காட்டியவர்களுள் காலடித் தடம் அறிந்த பழங்குடி வேட்டைத் தடுப்புக் காவலர்களும் இருந்தார்கள். காட்டையே விழுங்கிவரும் உண்ணிச்செடியை வெட்டி, அதன் குச்சிகளைக் கொண்டே ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட யானை உருவங்களை கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் செய்தார்கள். அவை 2021இல் இலண்டன் மாநகரப் பூங்காக்களில் நின்றன. இத்தகைய கைகளைப் பார்த்துவிட்டுச் சேலையைப் பற்றியா குறை சொல்வது?

முதுமலைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தோம். தோழியரே, பழங்குடி மக்களைக் காண அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இருளர் வாழ்கிறார்கள். ஏரிக்கரைகளிலும் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் அவர்களைக் காணலாம். யாரும் வேன் பேசிக்கொண்டு போய்ப் படம் எடுப்பதில்லை. பார்த்தும் பாராததுபோல் கடந்து செல்கிறோம். நல்ல சமாரியன் உவமையை மறைக்கல்வி வகுப்பில் ஒப்பிக்கும்போது, விலகிச் சென்ற இருவர் மீது நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது!

இருளரின் அறிவு சாதாரணமானதன்று. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருந்து வருகிறது. பாம்புக்கடி மருந்து தயாரிக்க வேண்டிய நஞ்சை எடுத்துக் கொடுப்பது அச்சங்கத்தின் பணி. வயலில் பாம்பு தீண்டிய எத்தனையோ பேர் உயிர் பிழைத்ததில் அவர்கள் பங்கு உண்டு. வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர் அமெரிக்காவின் புளோரிடா வரை அழைக்கப்பட்டு மலைப்பாம்பு பிடித்தவர்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இப்படிப்பட்ட இனத்துப் பிள்ளைகள் பலர் பழங்குடியினர் சான்றிதழ் இல்லாமல் படிப்பைத் தொடர முடியாமல் தவிக்கிறார்கள்.

நம் பள்ளியில் ஆண்டுதோறும் சுற்றுலாவும் நடக்கிறது, சமூக சேவை முகாமும் நடக்கிறது. சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என் வகுப்பிலேயே என்னை விடமாட்டார்கள். மறுபடி முதுமலைக்கே போவோம். கேட்டுவிட்டுப் படம் எடுப்போம்; பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வோம்; தேனோ கைவேலையோ வாங்கினால் அவர்கள் கையிலேயே காசு கொடுப்போம். சமூக சேவை முகாமை மட்டும் வரும் ஆண்டில் நம் பக்கத்து இருளர் குடியிருப்பில், அவர்கள் சம்மதித்தால், நடத்த வேண்டுமென்று மதர் அவர்களையும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அங்கே நாம் போய் மரம் நட வேண்டியதில்லை. சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். படிவம் நிரப்புக என்னும் வினா நம் தமிழ்த் தேர்விலேயே உண்டு.