குரல் கேட்டால் போதாது, சொல் விளங்க வேண்டும்

ஒலிபெருக்கியின் குரல் என்ன செய்யும் என்பதை நாம் அனுபவித்து அறிந்தவர்கள். 1990 ஒக்டோபர் இறுதியில், வெளியேறும்படியான கட்டளை யாழ்ப்பாண வீதிகளில் ஒலிபெருக்கி மூலமே வந்தது. வயலையும் தோட்டத்தையும் விட்டுப் புத்தளம் கரையோரத்துக்கு வந்த நாம், இன்று வேறொரு குரலுக்குக் காதுகொடுத்து வாழ்கிறோம். கடலும் வெள்ளமும் வருமுன் எச்சரிக்கும் குரல் அது.

2004 சுனாமிக்குப் பின், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். புத்தளம் மாவட்டமும் வெள்ளத்தில் தவித்தது. பல இடங்களில் மின்சாரமும் கைத்தொலைபேசியும் செயலிழந்தன. அப்படியான நேரத்தில் கைகொடுக்க வேண்டியது வானொலித் தொடர்புக் கருவியே.

ஒவ்வோர் அழிவின் பின்பும் புதிய கருவிகள் வேண்டும் என்கிறார்கள். இருக்கும் கருவியின் ஒலி மட்டம் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் மைக்கில் பேசுகிறார். அக்குரல் கம்பி வழியே ஒலிபரப்பிக்குச் சென்று, வானலையில் ஏறி, தூரத்துக் கருவியில் இறங்கி, ஒலிபெருக்கியில் வெளிவருகிறது. இப்படிக் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு.

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் நமக்கு இது புரியாத விடயமல்ல. வாய்க்காலில் நீர் குறைந்தால் கடைசிப் பாத்திக்குப் போகுமுன் மணல் குடித்துவிடும். கூடினால் வரம்பு உடையும். ஒலியும் அப்படித்தான். தொடக்கத்தில் குறைந்தால் இரைச்சல் அதை விழுங்கும். பின்னர் ஒலிபெருக்கியில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும். தொடக்கத்தில் மிதமிஞ்சினால் கருவி அதன் உச்சியை வெட்டிவிடும், சொல் கரகரத்துச் சிதையும். வெட்டுப்பட்டதைப் பின்னர் எந்தத் திருகாலும் ஒட்ட முடியாது. ஆகவே மைக்கிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாகச் சரிசெய்து வரவேண்டும்.

தொழில்நுட்பவியலாளர்கள் செக்கனுக்கு 1,000 அதிர்வுள்ள ஒரு சீரான ஒலியை அனுப்பி, மானியில் அளந்து மட்டத்தை அமைக்கிறார்கள். அது அவசியமே. ஆனால் மானி அளவைத்தான் காட்டும், சொல் விளங்கியதா என்று சொல்லாது. பதற்றத்தில் கத்துபவரும் உண்டு, மைக்கை விட்டு விலகி மெல்லப் பேசுபவரும் உண்டு. "வெளியேறுங்கள்" என்பதற்கும் "வெளியேறாதீர்கள்" என்பதற்கும் இடையே இருப்பது சில எழுத்துகளே. அந்த எழுத்துகள் காற்றின் இரைச்சலில் கரைந்தால் ஒரு குடும்பம் எந்தப் பக்கம் ஓடும்?

தானாக மட்டத்தைச் சீராக்கும் கருவிகள் வந்துவிட்டன என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆயினும் பேச்சு நிற்கும் இடைவெளியில் அவை அறையின் மின்விசிறிச் சத்தத்தையும் தூக்கிவிடக் கூடும். இறுதித் தீர்ப்பு கேட்பவரின் காதுக்கே உரியது.

எனவே நமது கோரிக்கை எளிது. ஒத்திகைகளில் சைரனை மட்டும் ஒலிக்காமல், தமிழிலும் சிங்களத்திலும் முழு வசனங்களைப் பேசிப் பார்க்க வேண்டும். கேட்டவர்களிடம் என்ன கேட்டது என்று விசாரித்து, அதன்படி மட்டத்தைத் திருத்த வேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

நமக்கும் கடமை உண்டு. ஒவ்வொரு குடியிருப்பிலும் இருவர் பொறுப்பேற்கட்டும். ஒருவர் ஒலிபெருக்கிக்கு அருகிலும் மற்றவர் கடைசி வீட்டிலும் நின்று, கேட்ட சொற்களை அப்படியே எழுதி கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்கட்டும். "சத்தம் கேட்டது" என்று மட்டும் சொல்லி வீடு திரும்ப வேண்டாம்.

அன்று ஒலிபெருக்கி சொன்னதைக் கேட்டு நடப்பதைத் தவிர நமக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று, "விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதைக் கேட்போம்.