பழுது பார்த்தல்

கருவி ஒன்று கெட்டுப்போனால் அதனைச் சீர்செய்யும் தொழிலைத் தமிழர் 'பழுது பார்த்தல்' என வழங்கி வருகின்றனர். நாடி பார்த்தல், கணக்குப் பார்த்தல் என்பனபோல ஈண்டும் பார்த்தலே முதன்மை பெறுகிறது. அரபியிலிருந்து வந்து நம்முடையதாகிவிட்ட 'மராமத்து' என்னும் சொல்லில் இந்நயம் இல்லை. பாராமலே கழற்றுவது தொழிலாகாது என்பதை விசைப்படகுகளில் பொருத்தப்பெறும் இருவழி வானொலியைக் கொண்டு விளக்க விழைகிறோம்.

கரையோர மக்கள் அதனை 'வயர்லெஸ்' என்பர். 12 வோல்ட் பேட்டரியில் இயங்கி, 25 வாட் வரை அலை பரப்பவல்லது. அதன் 16ஆம் சேனல், அஃதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்தில் அழைப்பதற்கென உலகெங்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆகவே இப்பெட்டி ஊமையானால் உயிருக்கே ஊறு நேரலாம்.

"பிறர் பேசுவது கேட்கிறது, நாம் பேசுவதுதான் எவருக்கும் எட்டவில்லை" என்பது அடிக்கடி எழும் முறையீடு. உடனே திருப்புளியை எடுத்து மூடியைத் திறப்போர் பலர். இது முறையன்று என்பது நம் துணிபு. உப்புக்காற்றில் முதலில் கெடுவன பெட்டிக்கு வெளியே உள்ளவையே.

காரணத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கேட்பதற்கு அரை ஆம்பியர் அளவு மின்னோட்டம் போதும். முழு ஆற்றலில் பேசுவதற்கோ ஐந்து, ஆறு ஆம்பியர் வேண்டும். பேட்டரி முனையில் பச்சைக் களிம்பு படிந்து அரை ஓம் தடை உண்டாகியிருப்பதாகக் கொள்வோம். கேட்கும்போது அதில் இழப்பது கால் வோல்ட். பேசும்போது ஏறத்தாழ மூன்று வோல்ட். பெட்டி எவ்வாறு பேசும்? பேட்டரியில் மட்டும் மீட்டரை வைத்து "பன்னிரண்டரை இருக்கிறதே" என்று அமைவதால் பயனில்லை. பேசும் பித்தானை அழுத்திய நிலையில், பெட்டியின் பின்புறத்தே மின்கம்பி நுழையும் இடத்தில் அளத்தல் வேண்டும். அங்கு முள் ஒன்பதுக்கு இறங்கினால் குற்றவாளி கம்பியும் முனையும் பியூஸ் கூடுமே.

மின்சாரம் சரியெனின் அடுத்து ஏரியல். அதனைக் கழற்றிவிட்டுப் பித்தானை அழுத்துதல் கூடாது. இறுதி நிலை டிரான்சிஸ்டர் எரிந்துபோகக்கூடும். 50 ஓம் டம்மி லோடு ஒன்றை அவ்விடத்தில் மாட்டி, வாட் மீட்டர் வைத்து அளக்கலாம். முழு ஆற்றல் வெளிவருமாயின் பெட்டி நலம். பழுது கேபிளிலோ ஏரியலிலோதான் உள்ளது. எஸ்.டபிள்யூ.ஆர். அளவு 3 எனக் காட்டினால் ஆற்றலில் கால் பங்கு திரும்பி வருகிறது என்க. இணைப்பு முனை வழியே நீர் புகுந்து, கேபிளின் உட்பின்னல் கறுத்திருப்பதைச் சிறிது வெட்டிப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். மைக்கின் சுருள்கம்பி மடங்குமிடத்தில் அறுந்திருத்தலும் உண்டு. வேறொரு மைக்கை மாட்டிப் பார்த்தால் ஐயம் தீரும். இத்தனைக்கும் பிறகே திருப்புளிக்கு வேலை.

இவற்றை விளக்கும் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. கலைச்சொல் ஆக்குவோர் 'உருகி' என்பர். படகில் நிற்பவர் 'பியூஸ்' என்பார். நாம் படகில் நிற்பவர் பக்கமே. 'அலைவாங்கி' என்னும் ஆக்கமோ இக்கருவிக்குப் பாதியளவே பொருந்தும். பேசும்போது அது அலையைத் தருகிறதன்றோ?

பழுதற்ற பெட்டியும் எல்லாம் செய்துவிடாது. இவ்வலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. ஒன்பது மீட்டர் உயரத்தில் ஏரியல் கொண்ட இரு படகுகள் 25 கிலோமீட்டர் தொலைவு வரை பேசிக்கொள்ளலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, குமரி மாவட்டத்திலிருந்து ஆழ்கடல் சென்றிருந்தோர் கரையின் குரல் எட்டாத தொலைவில் இருந்தனர். அத்தொலைவில் படகுக்குப் படகு செய்தி கடத்துவதே இப்பெட்டியால் இயலும் உதவி. இடையில் ஒன்று ஊமையானாலும் சங்கிலி அறுந்துவிடும்.

படகுக்காரர் சொற்களிலேயே நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழ்த்துறைகள் இயற்பியல் துறையினருடன் அமர்ந்து எழுதலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலையும் எஞ்சினும் பழுது பார்க்கப்பெறும் அந்நாள்களில் வயர்லெஸ் பெட்டிக்கு ஒரு முற்பகல் போதும்.