ராத்திரிப் பால்... பசிக்கா, பழக்கத்துக்கா?

'ஒண்ணரை வயசாச்சு. ராத்திரி மூணு தடவை எழுந்து பால் கேட்கிறான். குடுக்கலைன்னா வீட்டையே ரெண்டாக்கிடறான். நான் நிம்மதியா தூங்கி எத்தனை மாசமாச்சு தெரியுமா?'

கைக்குழந்தைக்காரிகள் நாலு பேர் கூடினால் இந்தப் புலம்பல் வராமல் இருக்காது. கூடவே ரெடிமேடாக இரண்டு பதில்களும் வந்துவிடும். 'பாவம், பசிக்குதுடி... குடுத்துட்டுப் போயேன்' என்பார் வீட்டுப் பெரியவர். 'தனி ரூம்ல போட்டு அழ விடு. மூணே நாள்ல சரியாயிடும்' என்பார் வெளிநாட்டுப் புத்தகம் படித்த சிநேகிதி.

இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை. ஒரு வயதைத் தாண்டிய, எடை ஒழுங்காக ஏறுகிற, பகலில் சாப்பிடுகிற குழந்தைக்கு ராத்திரியில் பால் தேவையே இல்லை. அதை நிறுத்துவது கொடுமையும் இல்லை. ஆனால், நிறுத்துவதற்காகக் குழந்தையை இருட்டில் தனியே விட்டுக் கதற வைக்க வேண்டியதும் இல்லை. அதைவிட முக்கியம்... இதைத் தாய் ஒருத்தியின் தலையிலேயே கட்டிவிடக் கூடாது.

முதலில், குழந்தை ஏன் எழுந்திருக்கிறது?

நாம் எல்லோருமே ராத்திரியில் பலமுறை லேசாக விழிக்கிறோம். புரண்டு படுப்போம், போர்வையை இழுத்துக்கொள்வோம், மறுபடி தூங்கிப் போவோம். காலையில் நினைவிருக்காது. சின்னக் குழந்தைக்கு இந்தப் பாதி விழிப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். அப்போது அது என்ன தேடும்? தூங்கப் போனபோது என்ன இருந்ததோ, அதைத்தான்! மார்பில் வாய் வைத்தபடி தூங்கிய குழந்தை மார்பைத் தேடும். புட்டியோடு தூங்கியது புட்டியைத் தேடும். தூளியில் ஆடித் தூங்கியது, 'ஆட்டு' என்று அழும். தூங்குவதற்கு அதற்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பிடிவாதமும் இல்லை, கெட்ட குணமும் இல்லை.

'ஆனா நிஜமாவே அரை டம்ளர் பால் குடிக்கிறானே?' என்று கேட்பீர்கள். குடிப்பான். ராத்திரி இரண்டு மூன்று தடவை பால் இறங்கினால், காலையில் இட்லியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மத்தியானம் இரண்டு வாய் சாதம். ராத்திரி வயிறு காலி... மறுபடி பால். பகல் சாப்பாடு ராத்திரிக்கு இடம் மாறிவிடுகிறது, அவ்வளவுதான். போதாததற்கு, குடித்த பால் சிறுநீராக வந்து துணி நனைந்தால் அதற்கும் ஒரு விழிப்பு!

பல்லுக்கும் கேடு, ரத்தத்துக்கும் கேடு

தூங்கும்போது வாயில் உமிழ்நீர் குறைந்துவிடும். அந்த நேரத்தில் பால் பல்லைச் சுற்றித் தேங்கி நின்றால், பாலில் உள்ள சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக மாற்றும். முதலில் அடிபடுவது மேல் வரிசை முன்பற்கள். கீழ்ப் பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றுவதால் அவை பெரும்பாலும் தப்பிக்கும். புட்டியில் சர்க்கரை கலந்த பால் என்றால் கேட்கவே வேண்டாம். தாய்ப்பாலில் இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் ஒரு வயதுக்கு மேல் ராத்திரி முழுக்க மார்பில் வாய் வைத்தபடியே தூங்கி, பல்லும் துலக்காமல் விட்டால் அங்கேயும் சொத்தை வரலாம். 'விழப்போற பால் பல்தானே' என்பவர்கள், பல்வலியோடு அழுகிற மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது ரத்தசோகை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. பசும்பாலில் இரும்புச் சத்து மிகமிகக் குறைவு. மற்ற உணவிலிருந்து கிடைக்கும் இரும்பு உடலில் சேர்வதையும் அது தடுக்கும். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பாலையே குடித்து வளரும் குழந்தை பார்க்கக் கொழுகொழு என்று இருக்கலாம். இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். 'என் பேத்தி பாலிலேயே வளர்ந்தவ' என்பது பெருமைப்படும் விஷயமில்லை, பாட்டிமார்களே!

மூன்றாவது நபர் ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அம்மா! ஒண்ணரை வருஷமாகத் தொடர்ந்து மூன்று மணி நேரம்கூடத் தூங்காதவளுக்கு எரிச்சல் வரும், அழுகை வரும், ஞாபக மறதி வரும். காலையில் எழுந்து சமைத்து, பஸ்ஸைப் பிடித்து ஆபீஸும் போக வேண்டும். அவள் கத்தினால் மட்டும் 'இவளுக்குப் பொறுமையே இல்லை' என்று ஒரு பட்டம்! அவளுக்கு வேண்டியது உபதேசம் இல்லை, தூக்கம்.

அழ விடும் வைத்தியம் நமக்குச் சரிப்படுமா?

குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு வெளியே வந்து, குறித்த நேரம் கழித்துப் போய்ப் பார்த்து, அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கும் முறையை 1985-ல் அமெரிக்க டாக்டர் ரிச்சர்ட் ஃபெர்பர் ஒரு புத்தகத்தில் எழுதிப் பிரபலமாக்கினார். குழந்தைக்குத் தனி அறை இருக்கிற வீட்டுக்கு அது. நம் வீட்டில் ஒரே அறையில் அம்மா, அப்பா, குழந்தை... அடுத்த அறையில் தாத்தா, பாட்டி. சுவருக்கு அந்தப்பக்கம் பரீட்சைக்குப் படிக்கிற பையன். யார் யாரை எங்கே தனியாக விடுவது? பக்கத்தில் படுப்பதை நிறுத்தத் தேவையில்லை. பாலை மட்டும் நிறுத்தினால் போதும்.

எப்படி?

பகலில் ஆரம்பியுங்கள். மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு தடவை சிறுதீனி. ராத்திரி ஏழு, ஏழரைக்குள் நெய் விட்ட பருப்பு சாதமோ, இட்லியோ, முட்டையோ வயிறு நிறையக் கொடுங்கள். கீரை, கேழ்வரகு, பயறு தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

பாலையும் தூக்கத்தையும் பிரியுங்கள். கடைசிப் பால் விளக்கு எரியும்போதே, உட்கார்ந்தபடி, டம்ளரில். பிறகு அரிசி மணி அளவு பேஸ்ட் வைத்துப் பல் துலக்கல். அதற்குப் பிறகு கதை, பாட்டு, முதுகில் தட்டல். தினமும் அதே வரிசை, அதே நேரம். செல்போன் மட்டும் படுக்கைக்கு வரவே கூடாது. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பகல் தூக்கம் சாயங்காலம் வரை நீண்டால் ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருக்கும்.

பிறகு, ராத்திரிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். புட்டிப் பால் என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை 20, 30 மில்லி குறைத்து, 60 மில்லிக்கு வந்ததும் அடியோடு நிறுத்தி விடலாம். தாய்ப்பால் என்றால் பத்து நிமிஷத்தை எட்டு, ஆறு, நாலு என்று குறைத்து வாருங்கள். மெதுவாகக் குறைத்தால் மார்பில் பால் கட்டி வலிப்பதும் இருக்காது. அப்படியும் கனத்தால் வலி தீரும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சி எடுத்து விடுங்கள்.

அழும். முதல் சில ராத்திரிகள் நிச்சயம் அழும். பக்கத்திலேயே இருங்கள், தட்டிக் கொடுங்கள், தாகமென்றால் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். 'பால் தூங்கிடுச்சு, காலையில வரும்' என்று ஒரே வாக்கியத்தை நிதானமாகச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் பழகிவிடும். ஆனால், மூன்று நாள் உறுதியாக இருந்துவிட்டு நாலாவது நாள், 'போதும்பா சாமி' என்று கொடுத்துவிட்டால்? நிறைய அழுதால் கிடைக்கும் என்றுதான் குழந்தை கற்றுக்கொள்ளும். ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே மாமியார், மாமனார் உட்பட வீட்டில் எல்லோரும் பேசி ஒரு முடிவுக்கு வருவது அதனால்தான் அவசியம்.

இந்த இடத்தில் அப்பாவைக் கூப்பிடுகிறேன்!

அம்மாவின் வாசனை பட்டாலே குழந்தைக்குப் பால் ஞாபகம் வரும். ஆகவே இந்த இரண்டு வாரமும் குழந்தைக்குப் பக்கத்தில் அப்பா படுக்க வேண்டும், அம்மா கொஞ்சம் தள்ளி. 'எனக்குக் காலையில ஆபீஸ் இருக்கே' என்று சொல்லாதீர்கள் ஸார். இவ்வளவு நாளும் அவளுக்கும் காலை என்று ஒன்று இருந்தது. இரண்டு நாள் லீவு சேர்ந்து வருகிற மாதிரி பார்த்து ஆரம்பியுங்கள். ராத்திரி மூன்று மணிக்குத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அப்பாவிடம் ஒட்டுகிற மாதிரி, பொம்மை வாங்கிக் கொடுத்த அப்பாவிடம் குழந்தை ஒட்டாது.

யாருக்கு இது கூடாது?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ராத்திரிப் பால் கட்டாயம் வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை ஒன்றிரண்டு தடவை தேவைப்படலாம். எடை குறைவான குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு சமயத்தில் சட்டமெல்லாம் தள்ளுபடி. கேட்கும்போதெல்லாம் தாய்ப்பால் கொடுங்கள். வீடு மாற்றுகிறபோதும், தம்பி தங்கை பிறந்த சமயத்திலும் வேண்டாம்.

தூங்கும்போது வாயைத் திறந்தபடி குறட்டை விட்டால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். இவற்றுக்கு வைத்தியம் வேறு.

ஒரு எச்சரிக்கை. தூங்க வைப்பதற்காக ஜலதோஷ சிரப்பை ஒரு மூடி கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம்! இப்படிப்பட்ட சிரப்களில் சேர்கிற குளோர்பெனிரமின் - பினைலெஃப்ரின் கலவையை நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ராத்திரிப் பாலை நிறுத்துவது வேறு, தாய்ப்பாலையே நிறுத்துவது வேறு. பகலில் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாராளமாகக் கொடுக்கலாம். ராத்திரி ஒரு தடவை கொடுப்பது உங்களுக்குச் சிரமமாக இல்லை, பிள்ளை பகலில் நன்றாகச் சாப்பிடுகிறது, பல்லும் சுத்தமாக இருக்கிறது என்றால், அடுத்த வீட்டுக்காரர் சொல்கிறார் என்பதற்காக நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது, அம்மா தாங்க முடியாமல் தவிக்கும்போது 'தாய்னா அப்படித்தான்' என்று திரும்பிப் படுத்துக்கொள்கிற வழக்கத்தை.

இந்த வாரக் கடைசியில் வீட்டில் ஒரு பேச்சு நடக்கட்டும். என்றைக்கு ஆரம்பிப்பது, ராத்திரி யார் எழுந்திருப்பது என்று முடிவு செய்யுங்கள். நாள் குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.