என் தம்பி செத்த இடத்தை எழுதுங்கள்

என் தம்பி எங்கே செத்தான் என்று அரசாங்கக் கடதாசியில் இல்லை. "நாலந்தா பகுதியில், ஏ9 வீதியில்" என்று மட்டும் இருக்கிறது. நாலந்தா பகுதி என்றால் எது? கெடிகே என்ற பழைய கற்கோயிலுக்குத் திரும்பும் இடமா, நாவுலப் பக்கமா, மாத்தளைப் பக்கமா? கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வீதி அது. அவன் விழுந்து கிடந்தது அதில் பத்தடி. அந்தப் பத்தடியை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை.

காரணம் கேட்ட இடத்தில் "கவனயீனம்" என்று எழுதியிருக்கிறார்கள். முதலில் லொறிச் சாரதியின் கவனயீனம் என்றார்கள். பிறகு தம்பிக்கும் அதில் பங்கு உண்டு என்றார்கள். அம்மாவிடம் வாக்குமூலம் வாங்கியது சிங்களத்தில். அவளுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே இந்த நாட்டின் அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. ஆனாலும் பெற்ற பிள்ளையின் சாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல், காட்டிய இடத்தில் அவள் கையெழுத்து வைத்தாள்.

என் தம்பி கவனமில்லாதவன் அல்ல. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் இரவெல்லாம் மரக்கறி மூட்டை ஏற்றி இறக்கிவிட்டு, விடியும் முன் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருகிறவன். ஹெல்மட் போட்டிருந்தான். தன் பக்கத்தில்தான் வந்தான். அந்த இடத்தில் வளைவு முடிகிற கையோடு ஒரு பஸ் தரிப்பிடம். பஸ் ஒதுங்கி நிற்க ஓரத்தில் இடமில்லை, பாதி உடம்பு வீதியில்தான் நிற்கும். பின்னால் வருகிறவர்கள் காத்திருக்கப் பொறுமையில்லாமல், எதிரே என்ன வருகிறது என்று தெரியாமலே வலப்பக்கம் எடுப்பார்கள். அப்படி எடுத்த லொறிதான் என் தம்பியின் பக்கத்துக்கு வந்தது.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு அந்த இடத்துக்குப் போனேன். எதிரே தேநீர்க்கடை வைத்திருக்கும் நானாதான் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். வடிகான் ஓரத்து மண்ணைக் காலால் கிளறினார். சிவப்பும் மஞ்சளுமாக விளக்குத் துண்டுகள், கண்ணாடி நொறுங்கல். சிலது பளபளவென்று புதிது. சிலது வெயிலில் வெளுத்து மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. "இது தம்பிட சைக்கிள்ட கண்ணாடி மட்டும் இல்ல தங்கச்சி. பழசும் கெடக்கு" என்றார். "எல்லாம் இதே மாதிரித்தான். பஸ் நிக்கும், பின்னால வாறவன் எடுப்பான், எதிர்ல வாறவன் அடிபடுவான்."

வயிறு பற்றி எரிந்தது. ஒரு தேநீர்க்கடைக்காரருக்குத் தெரிந்தது, சம்பளம் வாங்கி வீதியைப் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்திருந்தால் ஏன் விட்டு வைத்தார்கள்?

இடத்தை எழுதுவதற்கு வழி இல்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். விபத்து நடந்தால் நிரப்புவதற்கென்றே இலங்கைப் பொலிஸிடம் 297பி என்ற படிவம் இருக்கிறது. எந்த வீதி, பக்கத்துக் கிலோமீட்டர் கல் எது, அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுத அதில் இடம் உண்டு. அந்த இடங்களை ஒழுங்காக நிரப்பி, ஒவ்வொரு விபத்தையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்தால் போதும். எந்த நேரம், எந்தத் திசை, எந்த வகை மோதல் என்று பக்கத்தில் குறித்தால் வீதியே வாய் திறந்து பேசும். ஒரே தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், ஒரே மாதிரி, எதிரெதிரே மோதிய புள்ளிகள் குவிந்தால் சாரதிகள் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்ததும் கவனம் கெட்டுப் போனார்கள் என்றா அர்த்தம்? தரிப்பிடத்தை நூறு யார் தள்ளி வை, பஸ் ஒதுங்க இடம் வெட்டு, வேகத்தைக் குறை என்று அர்த்தம்.

செத்தவர்களை மட்டும் எண்ணியும் பயனில்லை. சாவு வருவதற்கு முன்னால் அதே இடத்தில் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள். கதவு நசுங்கியதும் கை முறிந்ததும் வீதியோரத்திலேயே பேசித் தீர்ந்துவிடும். அதுவும் எங்கோ பதிவாகத்தான் செய்கிறது. காப்புறுதிக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார். 1990க்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் இடம் கேட்டுத்தான் வருகிறது. ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிறார்கள். பொலிஸில் ஒரு பதிவு, காப்புறுதியில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று. இவற்றையெல்லாம் ஒரே படத்தில் சேர்த்து, அந்த வீதியால் தினமும் போகிற எங்கள் கண்ணுக்கு முன்னால் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் இதைச் செய்கிறார்கள். இந்தியாவில் சென்னை ஐஐடி உருவாக்கிய விபத்துத் தரவுத்தளத்தில், விபத்து நடந்த இடத்திலிருந்தே பொலிஸ்காரர் கைபேசியில் பதிகிறார். மூன்று வருடத்தில் 500 மீட்டர் தூரத்துக்குள் சாவோ படுகாயமோ உள்ள ஐந்து விபத்து நடந்தால், அல்லது பத்து உயிர் போனால், தேசிய நெடுஞ்சாலையில் அந்த இடம் கரும்புள்ளி. அங்கேயும் சாவு நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த இடத்தில்தான் சாகிறார்கள் என்று ஒத்துக்கொள்ளவாவது ஒரு கணக்கு இருக்கிறது. மனிதன் தவறுவான், அந்தத் தவறு உயிரை எடுக்காதபடி வீதியை அமைப்பது அரசின் வேலை என்று சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் முடிவெடுத்தது. எங்களுக்கு இன்னும் "கவனயீனம்"தான்.

இலங்கையில் வருடத்துக்குச் சுமார் 38,000 விபத்து, 3,000 மரணம், 8,000 படுகாயம் என்று உலக வங்கி 2020இல் எழுதியது. 2025 மே 11ஆம் திகதி கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் 15 பேர். அப்போது அமைச்சர்கள் பேசினார்கள், தொலைக்காட்சி பேசியது. அந்தக் குடும்பங்களின் துக்கம் எங்களுக்குத் தெரிந்த துக்கம்தான். ஆனால் ஒருவர் ஒருவராகச் சாகிறவர்களுக்கு யார் வருகிறார்கள்? நாலந்தாவில் ஒருவன், நாவுலவில் ஒருத்தி என்று போனால் பத்திரிகையில் நாலு வரி, அதோடு சரி.

போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது நாலந்தா கெடிகே தண்ணீருக்குள் போய்விடும் என்று, அதைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்பவும் கட்டினார்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்பதை அன்று அக்கறையோடு பார்த்தார்கள். நல்ல காரியம். கல்லுக்கு இருந்த அந்த அக்கறை, அதே ஊர் வீதியில் விழுந்த என் தம்பிக்கு ஏன் இல்லை?

நாலந்தாவிலும் நாவுலவிலும் மாத்தளையிலும் இருக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, இந்த வீதியில் ஆளைப் பறிகொடுத்தவர்களே, ஒரு வேலை செய்யுங்கள். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஏன் கேட்கிறாய் என்று அதில் யாரும் நம்மைக் கேட்க முடியாது. கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். பொலிஸுக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் ஆளுக்கொரு கடிதம் தமிழிலேயே எழுதுங்கள். மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரை, கிலோமீட்டர் கல் வாரியாக, எந்த இடத்தில் எத்தனை விபத்து, எத்தனை சாவு, அதன் பிறகு அந்த இடத்தில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். என் கடிதத்தை நான் எழுதிவிட்டேன். ஒரு கடிதத்தை அவர்கள் கோப்புக்குள் வைத்து மறந்துவிடலாம். நூறு கடிதம் போனால் மறக்க முடியாது.