பேர் கொடுப்பது

மார்கழிப் போயா வந்துவிட்டால் சிவனொளிபாத மலைக்குப் போகும் பஸ்கள் நோர்வூட் வழியாக மஸ்கெலியாப் பக்கம் ஓடத் தொடங்கிவிடும். நடுச்சாமத்திலும் ஹோர்ன் சத்தம் கேட்கும். மழை விட்டு, காலையில் புல்லெல்லாம் பனியாகக் கிடக்கும் இந்த நாட்களில்தான் எங்கள் தோட்டத்துப் பையன்கள் ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக வருவார்கள். மென்பந்து கிரிக்கெட் சீசனுக்குப் பேர் எழுதுவதற்கு.

"சேர், இந்த வருசம் பேர் குடுக்குறீங்களா? பத்துப் பேர் ஆயிருச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிருங்க."

நான்கு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு 43 வயது. பந்து இன்னும் கையில் நிற்கிறது, ஓடவும் முடிகிறது. யோசனையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றித்தான். தை தொடங்கிச் சித்திரை வரை பன்னிரண்டு ஞாயிறு. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மாவை மாதம் ஒருமுறை கிளினிக் கூட்டிப்போக வேண்டும். ஜேர்சிக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் வேன் வாடகைக்கும் ஆளுக்கு ஒரு பங்கு போட வேண்டும். ஒரு மேட்ச் விளையாட வரச் சொன்னால் யோசிக்காமல் போய்விடலாம். ஒரு சீசனுக்கு வருகிறேன் என்று சொல்வது இன்னும் வராத பன்னிரண்டு ஞாயிறுகளுக்கும் இன்றே வாக்குக் கொடுப்பது.

சீசன் என்பது எங்கள் பக்கம் வானம் கொடுக்கும் தவணை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் புரட்டாசி வரை மைதானம் சேறுதான். ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானமானால் இடியும் மழையும். நடுவில் கிடைக்கும் நான்கு மாதங்களை விட்டால் அடுத்த வருசம்தான். லடாக்கில் ஐஸ் ஹாக்கி விளையாடும் பெண்களைப் பற்றிப் படித்தபோது அவர்களை நெருக்கமாக உணர்ந்தேன். குளிர்காலத்தில் குளங்களும் திடல்களும் உறையும் இரண்டு மாதம் போலத்தான் இயற்கையாக அவர்களுக்குப் பனித்தளம் கிடைக்கும். பெரும்பாலும் லடாக் பெண்கள் சேர்ந்த இந்திய அணி 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த மகளிர் ஆசியக் கிண்ணத்தில் வெண்கலம் வென்றது. அப்படிக் குறுகிய காலத்தில் 'இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் வருகிறேன்' என்று ஒவ்வொருத்தியும் சொல்லியிருந்தால் அணி என்று ஒன்று இருந்திருக்காது.

இந்தச் சீசன் எங்கள் கைக்கு வந்த கதையும் சின்னதில்லை. டிக்கோயாவுக்குப் பக்கத்தில் தரவளையில் டிக்கோயா–மஸ்கெலியா கிரிக்கெட் கழகத்தின் மைதானம் இருக்கிறது. துரைமார் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய கழகம் அது. தாத்தா அங்கே புல் வெட்டப் போனவர் என்று அம்மா சொல்வார். விளையாட்டு அவர்களுக்கு, புல் எங்களுக்கு. அந்தப் பிரிவு ஒரு சொல்லுக்குள்ளும் இருந்தது. சம்பளத்துக்காக இல்லாமல் ஆசைக்காக விளையாடுகிறவரை 'அமெச்சூர்' என்கிறோம். 1879இல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியை நடத்தியவர்கள் அந்தச் சொல்லுக்கு ஒரு வரையறை எழுதினார்கள். கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளி அமெச்சூர் ஆக முடியாது என்று அதில் வைத்தார்கள். கையால் உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு ஆசைக்கு விளையாடும் தகுதி இல்லையாம். அந்த விதி போக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அப்படிப்பட்ட ஒரு சொல்லுக்குள் இன்று எங்கள் பையன்கள் கூலி வேலையை முடித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். எனக்கு அது பெரிய விசயம்.

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. ஒரு நாள் வேலைதான் ஒரு பேர். விடிகாலை பெரட்டுக்களத்தில் நின்றால் கணக்கப்பிள்ளை பேர் போடுவார். கொழுந்து நிறை குறைந்துவிட்டால் அரைப் பேர். 34 வருசம் கொழுந்து எடுத்த அம்மா மாதக் கடைசியில் அரைப் பேர்களை விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அடிப்படை நாட்சம்பளத்தை 1,550 ரூபாய் ஆக்குவதோடு, வேலைக்கு வந்ததற்காக மட்டும் நாளொன்றுக்கு 200 ரூபாயை அரசு கொடுக்கும் என்று முன்வைத்தது. வந்து நிற்பதற்கு ஒரு பெறுமதி உண்டு என்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. எத்தனையோ தலைமுறையாக எங்கள் பேரை வேறு யாரோதான் எழுதினார்கள், வேறு யாரோதான் பாதியாக்கினார்கள். இந்தக் கொப்பியில் மட்டும் அவரவர் பேரை அவரவரே எழுதுகிறோம். அதனால்தான் அதில் விளையாட்டுத்தனம் கூடாது என்று நினைக்கிறேன்.

அப்படி ஒருமுறை கூடாததைச் செய்தேன். அப்போது எனக்கு 22 வயது. ஹட்டன் டன்பார் மைதானத்தில் மேட்ச். விடிந்து பார்த்தால் நோர்வூட்டில் மழை கொட்டுகிறது. இந்த மழையில் யார் விளையாடப்போகிறார்கள் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். மலைநாட்டு மழையை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு தோட்டத்தில் கொட்டும்போது அடுத்த தோட்டத்தில் வெயில் காயும். டன்பாரில் வெயில். எங்கள் பையன்கள் பத்துப் பேரோடு விளையாடினார்கள். எங்கள் விக்கெட் காப்பாளன் அந்த ஞாயிறு கைக்காசுக் கொழுந்தை விட்டுவிட்டு வந்தவன். அவன் வீட்டில் அந்தக் காசுக்கு ஒரு தேவை இருந்தது. தோற்றுத் திரும்பிய சாயங்காலம் யாரும் என்னைத் திட்டவில்லை. அவன் மட்டும் ஸ்கோர் கொப்பியைக் காட்டினான். பதினோராவது வரியில் என் பேர்.

"கடைசி வரைக்கும் அழிக்கல. வந்துருவன்னு நெனச்சோம்."

இருபது வருசம் கழித்தும் அந்த வரி என் கண்ணுக்குள் இருக்கிறது. ஆள் குறைந்ததை அணி எப்படியோ சமாளிக்கும். ஒருவனை நம்பி, அவன் நிற்க வேண்டிய இடத்தை மற்றவர்கள் வெறுமையாக வைத்துக்கொண்டு வழியைப் பார்த்து நிற்பது, அதுதான் தாங்க முடியாதது. முடியாது என்று முன்னமே சொல்லியிருந்தால் இன்னொரு பையனுக்கு அந்த இடம் கிடைத்திருக்கும்.

எத்தனையோ சங்கங்கள், நூலகங்கள், நாடகக் குழுக்கள் எங்கள் தோட்டங்களில் தொடங்கி ஆறு மாதத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். காசில்லாமல் நின்றவை சில. 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களால் நின்றவை அதைவிட அதிகம். மறுத்துவிட்டால் மனம் நோகுமே என்று நாம் சொல்லும் 'பார்க்கலாம்' எதிரே நிற்பவரை வாசலிலேயே காக்க வைத்துவிடுகிறது.

நேற்று இரவு கலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வகுப்பைச் சனி மாலைக்கு மாற்றலாமா என்று பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டேன். சம்மதித்தார்கள். பரீட்சைக்கு முந்திய இரண்டு ஞாயிறுகளை மட்டும் என்னால் விட முடியாது. கிளினிக் கிழமைநாளில்தான். என்ன எழுதுகிறேன் என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

"குடுக்குறதுன்னா குடு. குடுத்துட்டு போகாம இருக்காத."

இன்று காலை பையன்கள் வந்தார்கள். பதினோராவது வரியில் என் பேரை எழுதினேன். வராத இரண்டு ஞாயிறுகளின் திகதியையும் பக்கத்திலேயே எழுதி, அந்த இரண்டு நாளைக்கும் கடைசி லயத்துப் பையனைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அவனுக்குப் பதினேழு வயது, பந்தை எங்கிருந்தும் நேராக ஸ்டம்புக்கு எறிவான். கொப்பியை வாங்கிப் பார்த்த கப்டன் அவன் பேரையும் கீழே எழுதிக்கொண்டான்.

மீதிப் பத்து ஞாயிறும் நோர்வூட்டில் மழை பெய்தாலும் வேன் வரும் சந்தியில் நான் நிற்பேன்.